பாலக்காட்டிலிருந்து மறையூர் வரை: ஒரு நாள் பாடம்

பாலக்காடும் கேரளத்தில்தான் இருக்கிறது. மறையூரும் கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டிலிருந்து மறையூருக்குப் போய் ஒரே நாளில் திரும்ப வேண்டுமானால் தமிழ்நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு என்று போனால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மாநிலத்தை விட்டு வெளியேறாமல்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் திருச்சூர், அங்கமாலி, கோதமங்கலம், அடிமாலி, மூணாறு என்று சுற்றி, கிட்டத்தட்ட இரு மடங்கு தொலைவு போக வேண்டியிருக்கும். வரைபடத்தை விரித்து வைத்து இதைச் சொன்னபோது நம் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நம்பவில்லை. ஆகவே கடந்த தை மாதத்தில் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, பதினோரு பிள்ளைகளும் மூன்று பெற்றோரும் நானுமாக அதிகாலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் வாழையிலைப் பொட்டலங்களில் வந்தன.

உல்லாசப் பயணமாக இதை நான் திட்டமிடவில்லை. நம் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் என்பது சமையலறையிலும் பாட்டியின் தொலைபேசியிலும் மட்டும் புழங்குகிற மொழி என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் மெல்ல மெல்ல ஊறிவருவதை ஆசிரியர் என்ற முறையில் பார்த்துவருகிறேன். "கேரளாவில் தமிழ் பேசுபவர்கள் எல்லாரும் நம்மைப் போல வேலைக்கு வந்தவர்கள்தானே?" என்று ஒரு சிறுமி வகுப்பில் கேட்டாள். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பயணம்.

எலப்புள்ளி தாண்டியதும் முதல் பாடத்தைத் தொடங்கினேன். பெயர்ப்பலகைகளில் மலையாளத்தில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படித்துத் தமிழ் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மலையாளத்தில் 'கொழிஞ்ஞாம்பாற' என்று இருந்தது. தமிழில் அது கொழிஞ்சாம்பாறை. இதிலிருந்தே இரண்டு விதிகள் கிடைத்துவிட்டன. சொல்லின் இறுதியில் தமிழில் வரும் 'ஐ' மலையாளத்தில் 'அ' ஆகிவிடும்: மலை மல ஆகும், தலை தல ஆகும், பாறை பாற ஆகும். தமிழின் 'ஞ்ச' அங்கே 'ஞ்ஞ' ஆகும்: மஞ்சள் மஞ்ஞள் ஆகும், கஞ்சி கஞ்ஞி ஆகும். இதைச் சொன்ன பிறகு வேனுக்குள் ஒரே கூச்சல். ஆனமல, ஆனமுடி, மறயூர் என்று ஒவ்வொரு பெயரையும் பிள்ளைகள் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். தமிழும் மலையாளமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை இலக்கணப் புத்தகத்தால் நான் ஓராண்டில் சொல்ல முடியாததை அரைமணி நேரத்தில் பெயர்ப்பலகைகள் சொல்லிவிட்டன.

கொழிஞ்சாம்பாறையில் தேநீருக்கு இறங்கினோம். கடைக்காரரின் பேச்சு கொங்குத் தமிழ். "வாங்க, உட்காருங்க, பசங்களுக்குப் பால் வேணுங்களா?" என்று கேட்டவரை, பிள்ளைகள் பொள்ளாச்சிக்காரர் என்றே நினைத்தார்கள். அவர் பிறந்து வளர்ந்தது அந்த ஊரிலேயே. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் தமிழ் பேசும் உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன.

இந்த இடத்தில் வரலாற்றைக் கொஞ்சம் நுழைத்தேன். 1940-இல் யாராவது எங்களைப் போலப் பயணம் செய்திருந்தால் எத்தனை ஆட்சிகளைக் கடந்திருப்பார்கள் தெரியுமா? பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். சித்தூர் கொச்சி அரசருடையது. அதுவும் கொச்சி நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல் மலபாருக்கு அப்பால் தனித் துண்டாகக் கிடந்தது. பொள்ளாச்சி மீண்டும் சென்னை மாகாணம். மறையூரோ திருவிதாங்கூர். ஆக ஒரே பகலில் பிரிட்டிஷ், கொச்சி, பிரிட்டிஷ், திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் இவை இன்றைய இரண்டு மாநிலங்களாயின. இப்போது நாம் பார்க்கும் எல்லைக்கோடு நம் தாத்தாக்களைவிட வயதில் இளையது.

கோபாலபுரத்தில் எல்லையைக் கடந்தோம். தென்னந்தோப்புகளில் எந்த மாற்றமும் இல்லை. கடைப் பலகைகளின் எழுத்து மட்டுமே மாறியது. அந்தப் பகுதியின் தண்ணீரும் எல்லை தாண்டுவதுதான். ஆனைமலையிலிருந்து இறங்கும் ஆழியாற்று நீர் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் வந்து சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் சேருகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட வேண்டும். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. மழை குறைந்த ஆண்டுகளில் சித்தூர் உழவர்கள் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். கொழிஞ்சாம்பாறைத் தமிழ் உழவர் தம் வயலுக்குத் தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்டுப் போராடுகிறார் என்பதைப் பிள்ளைகள் சற்று யோசித்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். மொழி ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் என்று ஒரு தாயார் முணுமுணுத்தார்.

பொள்ளாச்சியையும் உடுமலைப்பேட்டையையும் விரைவாகக் கடந்தோம். காற்றாலைகளை எண்ணுவதில் பிள்ளைகளுக்குப் போட்டி. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காக ஒரு மதில்போல் நிற்கிறது. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அந்த மதிலில் வாசல் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத் தடையின்றிப் பாய்ந்து கொங்கு நாட்டுக்கு வருகிறது. நம் முன்னோர்களும் வணிகர்களும் மாட்டுவண்டிகளும் பின்னாளில் இரயிலும் அதே வாசல் வழியாகத்தான் போய்வந்தன.

உடுமலையிலிருந்து தெற்கே திரும்பியதும் மதில் எதிரே நிற்கிறது. ஒன்பதாறு என்ற கணக்குப் போன்ற பெயருடைய வனச் சோதனைச் சாவடியைத் தாண்டியபின் காடு. ஆனால் பிள்ளைகள் எதிர்பார்த்த பச்சைக் காடு அல்ல. முள்மரங்கள், கள்ளி, காய்ந்த புல், சுடுகல். "இது கேரளா மாதிரியே இல்லையே சார்" என்றான் ஒருவன். சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கேரளத்துக்குள் மீண்டும் நுழைந்தபின்னும் அதே காய்ந்த காடு. ஆறாம் வகுப்புப் புவியியலில் 'மழை மறைவுப் பகுதி' என்று படித்திருப்பார்கள். அதை நேரில் காட்ட இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் சிலவே இருக்கும்.

கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலைமீது ஏற வேண்டியிருக்கிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. ஆகவே மலையின் மேற்குப் பக்கத்திலும் உச்சியிலும் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அதே காற்று வெறுங்கையோடு வருகிறது. இறங்க இறங்கச் சூடேறி, மிச்சமிருக்கும் ஈரத்தையும் விடாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அடுத்த மலையில்தான் நிற்கிறது. அங்கே மாதக்கணக்கில் மழை. சின்னாற்றிலோ ஆண்டு முழுவதற்கும் சுமார் 500 மில்லிமீட்டர்தான். 1984-இல் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்ட இந்தச் சின்னாற்றுக் காட்டில் சாம்பல் நிற மலையணிலும் நட்சத்திர ஆமையும் வாழ்கின்றன. எங்களுக்கு அகப்பட்டது யானைச் சாணம் மட்டுமே. அதுவும் சூடாக இருந்ததால் ஓட்டுநர் அண்ணன் எங்களை இறங்கவே விடவில்லை.

இங்கே இன்னொரு தண்ணீர்ப் பாடமும் உண்டு. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே அரபிக்கடலுக்குப் போகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே திரும்பிக் காவிரியில் சேருகின்றன. மறையூர்ப் பக்கத்து நீர்தான் பாம்பாறு. கூட்டாறு என்ற இடத்தில் சின்னாறு அதோடு சேருகிறது. பிறகு அமராவதி என்று பெயர் மாறி, அணையில் தேங்கி, கரூர்ப் பக்கம் காவிரியோடு கலக்கிறது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றின் பங்கு 3. காலையில் தமிழ்நாட்டுத் தண்ணீர் கேரளத்துக்குப் போவதைப் பார்த்தோம். பத்து மணிக்குக் கேரளத்துத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குப் போவதைப் பார்த்தோம். ஒரு பையன் குறிப்பேட்டில் இரண்டு அம்புக்குறிகளை எதிரெதிராகப் போட்டு வைத்துக்கொண்டான்.

கொண்டையூசி வளைவுகளில் ஏறி மறையூரை அடைந்தபோது காற்று குளிர்ந்திருந்தது. சாலையோரம் நெடுகக் கம்பிவேலி. வேலிக்குள் சந்தன மரங்கள். கேரளத்தில் இயற்கையாக வளரும் சந்தனக்காடு என்றால் மறையூர்தான். திருட்டைத் தடுக்க 2005-இல் இதற்கென்றே தனி வனக்கோட்டம் அமைத்தார்கள். சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி என்பது பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. இலை பச்சை, உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணுக்கடியில் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரோடு பொருத்தி நீரையும் உப்பையும் உறிஞ்சும். ஆகவே சந்தனத்தைத் தனியே நட்டால் தேறாது, துணைமரம் வேண்டும். மரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்து வாசமே இல்லை என்று ஏமாந்தார்கள். வாசனை நடுமரத்தின் வைரத்தில்தான் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளிக்கு அருகே பாறைமேட்டில் முனியறைகள் இருக்கின்றன. பக்கத்துக்கொன்றாகக் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடிவைத்த கல்லறைகள். பாண்டவர்கள் ஒளிந்திருந்த ஊர், அதனால்தான் மறையூர் என்பது உள்ளூர்க் கதை. முனிவர்கள் இருந்த அறை என்பது இன்னொரு கதை. பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள் இவை என்பது தொல்லியல் அறிஞர் கருத்து. மூன்றையும் சொன்னேன். மூடுகல்லை அத்தனை உயரத்துக்கு எப்படித் தூக்கி வைத்தார்கள் என்ற கேள்வியோடு பிள்ளைகள் அங்கே வெகுநேரம் நின்றார்கள். சில அறைகளின் கற்களில் வந்தவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். தமிழிலும் மலையாளத்திலும் பாரபட்சமின்றிக் கீறியிருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும்.

கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஆலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கரும்புச் சக்கையே அடுப்புக்கு எரிபொருள். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்க, அழுக்கைப் பிரிக்கச் சிறிது சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் கசண்டை அள்ளி எறிகிறார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். பிடித்தவரின் விரல் தடம் உருண்டையில் அப்படியே நிற்கிறது. வேற்றூர் வெல்லம் மறையூர் வெல்லம் என்ற பெயரில் சந்தையில் விலைபோனதால், 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு பெற்றார்கள்.

அங்கேதான் அந்தச் சிறுமி தன் கேள்வியை நேராகக் கேட்டாள். கொட்டகை வாசலில் அமர்ந்திருந்த பெரியவரிடம், "தாத்தா, நீங்க எப்போ தமிழ்நாட்டிலேர்ந்து வந்தீங்க?" என்றாள். பெரியவர் சிரித்தார். "எங்க அய்யா காலத்துல இது திருவிதாங்கூரு பாப்பா. அப்புறம் கோட்டயம் கலெக்டருக்குக் கீழ இருந்தோம். இப்ப இடுக்கி. நாங்க இங்கதான் இருக்கோம்" என்றார். இடுக்கி மாவட்டம் உருவானது 1972-இல் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன்.

பெரியவர் சொன்னதை விளக்க வேண்டும். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கோட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. (இராசராசசோழன் காலத்துக் காந்தளூர்ச் சாலை வேறு; அது திருவனந்தபுரம் பக்கத்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.) மதுரைச் சீமையில் குழப்பம் மிகுந்த ஒரு காலத்தில் மலையேறி வந்து குடியமர்ந்தவர்கள் தாங்கள் என்பது அஞ்சுநாட்டு வேளாளரின் மரபுக்கதை. அவர்களுக்கும் முன்பே காட்டிலிருக்கும் முதுவர்கள்கூட, மதுரையிலிருந்து முதுகில் சுமைகளோடு வந்ததால் முதுவர் ஆனோம் என்று தங்களைப் பற்றிக் கதை சொல்லுகிறார்கள். கதைகளின் காலத்தைக் கணிப்பது கடினம். ஆனால் வார்டு, கானர் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதிய குறிப்புகளில் அஞ்சுநாடு இடம்பெறுகிறது. மூணாற்று மலைகளை ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்குப் பெற்றதே 1877-இல்தான். தேயிலைத் தோட்டங்கள் அதற்கும் பிந்தியவை. எனவே இம்மலைகளில் தமிழ் தேயிலைக்கு மூத்தது.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், 'வந்தவர்கள்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் பெரிய எடை இருந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டில் தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1955-இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தெற்கே நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே வைத்தது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அங்குள்ள தமிழரில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்கள் என்ற வாதம். அந்த வாதத்தில் அஞ்சுநாட்டு உழவரும் முதுவரும் எண்ணிக்கையில் சிறியவர்களாகிக் கரைந்துபோனார்கள். தோட்டத் தொழிலாளர்களோ திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டு, மூன்று நான்கு தலைமுறைகளாக அதே வரிசை வீடுகளில் வாழ்ந்தும் 'வந்துபோகிறவர்கள்' ஆனார்கள். எல்லை வேறு இடத்தில் விழுந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுபது ஆண்டு கடந்த கோட்டைப் பற்றி இன்று சண்டையிடுவதில் பயனில்லை. யார் குடியேறியவர் என்ற கேள்வி வெறும் பேச்சு அல்ல, அதன்மேல் அரசு ஆணைகளே நிற்கும் என்பதைத்தான் சொல்லுகிறேன்.

இன்றும் நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கான 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆணைக்கு முன்பே தம் முன்னோர் இம்மாநிலத்தில் குடியிருந்தார்கள் என்று காட்ட முடியாத தோட்டக் குடும்பங்கள், பேரப்பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகின்றன. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வேலைப் பதிவேடு எதையும் பழங்குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடமளிக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். சட்டம் இருக்கிறது; தமிழில் மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதே என் கவலை.

பெருமை பேசிவிட்டு ஒன்றை மறைப்பது ஆசிரியனுக்கு அழகல்ல. மலையேறி வந்தவர்கள் மொழியோடு சாதியையும் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். அடுத்த மலையிலுள்ள வட்டவடையில் தலித் மக்களுக்கு முடிதிருத்தும் கடையில் இடமில்லை என்ற நிலை 2020-இல் செய்தியாகி, ஊராட்சியே பொது முடிதிருத்தகம் திறக்க வேண்டியதாயிற்று. பெரிய பிள்ளைகளிடம் இதையும் சொன்னேன். ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கினோம். போக விரும்பும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: காட்டு வழியில் இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, யானைகளும் உண்டு. பொழுது சாய்வதற்குள் உடுமலைச் சமவெளிக்கு வந்துவிடுங்கள். நெகிழிப் பைகளைக் கொண்டுபோகாதீர்கள். வெல்லத்தைக் கொட்டகையிலேயே வாங்குங்கள். காந்தளூர் வரை ஏற நினைப்பவர்கள் முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது. எங்களுக்கு நேரம் போதவில்லை.

வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை. ஒரு தாளில் பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் ஆகிய ஊர்களைக் குறித்து, ஆழியாறும் பாம்பாறும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அம்புக்குறி போடுங்கள். மலையாளத்தில் 'அ' என்று முடிந்து தமிழில் 'ஐ' என்று முடியும் சொற்கள் இருபதைச் சேகரியுங்கள். பலகைகளிலும் கடைகளிலும் தேடினால் போதும், அகராதி வேண்டாம். பிறகு வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், என்ன வேலைக்காக, எந்த வழியாகக் கேரளத்துக்கு வந்தது என்று ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் பாட்டியிடம் இரண்டாம் முறை கேளுங்கள். மாதக் கடைசி ஞாயிறு வகுப்புக்கு மூன்றையும் கொண்டுவர வேண்டும்.